எந்த அறையில் அளந்த டெசிபெல்?

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர் பார்க்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் வேகம், வெப்பம், மின்செலவு எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் இரைச்சல் வரும். ஒன்றுக்கு 31 டெசிபெல், இன்னொன்றுக்கு 36, மற்றொன்றுக்கு 42 என்பது போல எண்கள் வரிசையாக நிற்கும். சிறிய எண் உள்ளது அமைதியான கார்டு என்று முடிவு செய்துகொண்டு பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னையின் ரிச்சி தெருவுக்கோ கிளம்பிவிடுகிறோம். தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் கார்டுகளுக்கு வேலை இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோக்கள், பேனர் வடிவமைக்கும் கடைகள், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் விளையாடும் இளைஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இவற்றை வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளிர்சாதனம் இல்லாத அறையில்தான் சிஸ்டத்தை வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையின் எண்களோ 20 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. என் வாதம் இதுதான்: இரைச்சல் எண் கார்டோடு பிறந்த குணம் இல்லை, கார்டும் அதை அளந்த அறையும் சேர்ந்து தந்த விளைவு. அறை மாறினால் எண் மட்டுமா மாறும், எது அமைதியான கார்டு என்ற வரிசையே மாறக்கூடும். ஆகவே தர்மபுரி போன்ற ஊருக்கு வேறு வகையில் ஒப்பிட வேண்டும்.

முதலில் டெசிபெல் என்ற அளவையே பார்க்கலாம். இது மடக்கை அளவு. 40 டெசிபெல் தரும் இரண்டு விசிறிகள் சேர்ந்து ஓடினால் 80 வராது, 43 வரும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். இந்தக் கடைசி விவரம் ஒன்றே பல ஒப்பீடுகளைக் கவிழ்க்கப் போதும். 2002-இல் தொடங்கிய சைலன்ட் பிசி ரிவ்யூ என்ற தளம் ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தது. அதற்கென்று எதிரொலியில்லா அறை ஒன்றையும் கட்டியது. வேறு சிலர் 50 சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரே கார்டை இந்த இரண்டு தூரங்களில் அளந்தாலே 6 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். போட்டிக் கார்டுகளுக்கிடையே பேசப்படும் வித்தியாசம் பல நேரங்களில் இதைவிடக் குறைவு. அளக்கும் அறையின் பின்னணிச் சத்தமும் கணக்கில் வரும். பின்னணி 40 இருக்கும் அறையில் 30 டெசிபெல் கார்டும் 25 டெசிபெல் கார்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிகளின் இரைச்சலை எப்படி அளப்பது, எப்படி அறிவிப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 7779, ஐஎஸ்ஓ 9296 என்ற பன்னாட்டுத் தரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கார்டு பெட்டிகளில் அவற்றின்படி ஓர் எண்ணை அச்சிடும் வழக்கம்தான் வரவில்லை. அதனால் வாங்குபவர் விமர்சகர்களையே நம்ப வேண்டியிருக்கிறது, அவர்கள் ஆளுக்கொரு முறையில் அளக்கிறார்கள்.

கார்டு இரைச்சலின் வரலாற்றில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. 2003-இல் கடைக்கு வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா, தூசு உறிஞ்சும் கருவி என்றே பெயர் வாங்கியது. அந்த நிறுவனமே அதைக் கேலி செய்து ஒரு காணொளி எடுத்தது. 2010-இல் 250 வாட் ஜிடிஎக்ஸ் 480 வந்து வெப்பத்துக்கும் சத்தத்துக்கும் பேர்போனது. இவ்விரண்டையும்விட நம் கேள்விக்கு அதிகம் சொல்லித் தருவது 2013 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்9 290எக்ஸ். அந்தச் சிப் 95 டிகிரி வரை சூடாக அனுமதிக்கப்பட்டது. அமைதி நிலையில் விசிறிக்கு 40 சதவீத உச்சவரம்பு, வேக நிலையில் 55 சதவீதம். அமைதி நிலையில் சிப் 95 டிகிரியைத் தொட்ட பிறகு விசிறி 40 சதவீதத்துக்கு மேல் போகாது, அதற்குப் பதிலாகச் சிப்பின் வேகம் இறங்கும். இதன் பொருளைக் கவனியுங்கள். குளிர்ந்த அறையிலும் சூடான அறையிலும் இந்தக் கார்டின் இரைச்சல் ஒன்றாகவே பதிவாகும், சூடான அறையில் வேலை மட்டும் மெதுவாக நடக்கும். இரைச்சல் வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இழப்பு கண்ணில் படாது. இன்னொரு சிக்கலும் அப்போது வெளிப்பட்டது. 40 சதவீதம் என்று மென்பொருள் சொன்னாலும் ஒவ்வொரு கார்டின் விசிறியும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றியது. விமர்சகர்களுக்கு வந்த கார்டும் கடையில் வாங்கிய கார்டும் வெவ்வேறாக நடந்துகொண்டன. அடுத்த மாதமே சதவீதத்தை விட்டுவிட்டுச் சுழற்சி எண்ணிக்கையைக் கொண்டு விசிறியைக் கட்டுப்படுத்தும் டிரைவரை ஏஎம்டி வெளியிட வேண்டிவந்தது. வெப்பம், இரைச்சல், வேகம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மூன்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் தவறான பதில் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி தர்மபுரியின் வெயிலை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரலாம். மார்ச் முதல் மே வரை மாவட்டத்தில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், உச்ச நாட்களில் 40-ஐ நெருங்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் இறக்கிக்கொண்டிருக்கும். ஒரு சிப்பை 70 டிகிரியில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் சிப்புக்கும் காற்றுக்கும் இடையில் 48 டிகிரி இடைவெளி இருக்கிறது. 34 டிகிரி அறையில் அது 36 ஆகச் சுருங்குகிறது. அதே வாட் வெப்பத்தை முக்கால் பங்கு இடைவெளியில் வெளியேற்ற வேண்டும், அதற்குக் காற்று கூடுதலாக வீச வேண்டும். சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் குளிர்விக்கும் திறன் காற்றின் அளவுக்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை, அதைவிடக் குறைவாகவே உயரும். அதனால் விசிறியின் வேகம் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் வரை கூட வேண்டியிருக்கும். விசிறியின் இரைச்சலோ சுழற்சி வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது, வேகம் இரட்டித்தால் சுமார் 15 டெசிபெல் கூடும். இந்த விதியைப் பொருத்திப் பார்த்தால் 12 டிகிரி வெயில் அந்தக் கார்டின் மேல் 8 முதல் 10 டெசிபெல் வரை ஏற்றிவிடுகிறது. இது மதிப்பீடுதான், ஒவ்வொரு கார்டுக்கும் சற்று மாறும். ஆனாலும் அட்டவணையில் மூன்று நான்கு டெசிபெல் வித்தியாசத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் இதை மனத்தில் வைக்க வேண்டும். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றைவிட இன்னும் சில டிகிரி சூடாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அறை சூடானால் எல்லாக் கார்டுகளும் ஒரே மாதிரிதானே பாதிக்கப்படும், அட்டவணையின் வரிசை அப்படியே நிற்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் வரிசை நிற்பதில்லை. ஒவ்வொரு வெப்பத்துக்கும் விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் எழுதி வைக்கும் ஃபேன் கர்வ்தான் இதற்குக் காரணம். இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் முதல் கார்டு 60 டிகிரியில் 34 டெசிபெல்லில் ஓடுகிறது. இரண்டாவது 74 டிகிரியில் 32 டெசிபெல்லில் ஓடுகிறது. அட்டவணையில் இரண்டாவதுதான் அமைதியானது. அதே இரண்டையும் 36 டிகிரி அறைக்குக் கொண்டுவந்து, விசிறிகளின் வேகத்தை மாற்றாமல் வைத்தால் என்ன ஆகும்? முதலாவது 74 டிகிரிக்குப் போகும், கவலைப்பட ஒன்றுமில்லை, கர்வைக் கொஞ்சம் தளர்த்தினால் அதே 34 டெசிபெல்லில் ஓட்டலாம். இரண்டாவது 88 டிகிரிக்குப் போக வேண்டியிருக்கும். என்விடியாவின் பல தலைமுறைக் கார்டுகளில் இயல்பாக வைக்கப்பட்ட வெப்ப இலக்கு 83 டிகிரி. அதைக் காக்க அந்தக் கார்டு ஒன்று விசிறியை இரைய வைக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குளிர்ந்த ஊரில் அமைதியானது என்று பெயரெடுத்தது இங்கே சத்தமானதாகிவிடுகிறது. கையிருப்பாக இருந்த வெப்ப இடைவெளியை அது ஏற்கெனவே செலவழித்துத்தான் அந்தச் சிறிய எண்ணைப் பெற்றிருந்தது.

விசிறி நிற்கும் வசதியும் இப்படிப்பட்டதுதான். 2014 வாக்கில் அசூஸ், எம்எஸ்ஐ போன்ற நிறுவனங்கள் வேலை இல்லாத நேரத்தில் விசிறியை முழுவதுமாக நிறுத்தும் கார்டுகளைக் கொண்டுவந்தன. இன்று நடுத்தர விலைக் கார்டுகளிலும் இது சாதாரணமாகிவிட்டது. சிப் 50 முதல் 60 டிகிரிக்குள் ஏதோ ஓர் எல்லையைத் தாண்டும் வரை விசிறி சுற்றாது. குளிர்ந்த அறையில் இது உண்மையிலேயே பூஜ்யச் சத்தம். ஏப்ரல் மதியத்தில் கேபினெட்டின் உட்காற்றே 42 டிகிரி இருந்தால், சும்மா இருக்கும் சிப்பும் அந்த எல்லையிலேயே தத்தளிக்கும். விசிறி கிளம்பும், சூடு இறங்கும், நிற்கும், சில நிமிடங்களில் மறுபடி கிளம்பும். நிலையாக வரும் 30 டெசிபெல் இரைச்சலுக்குக் காது பழகிவிடும், நின்று நின்று வரும் சத்தத்துக்குப் பழகாது. இப்படிப்பட்ட அறைகளில் அந்த வசதியை அணைத்துவிட்டுக் குறைந்த வேகத்தில் விசிறியைத் தொடர்ந்து ஓட விடுவதே நல்லது என்பது என் கருத்து.

தர்மபுரியில் அதிகம் கேட்கும் மறுப்பு வேறு. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது கார்டின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. பழைய மின்விசிறி ஒன்று முழு வேகத்தில் 50 டெசிபெல்லைத் தொடுவது அரிதில்லை. அதோடு 40 டெசிபெல் கார்டு சேர்ந்தால் மொத்தம் 50.4 தான். மே மதியத்தில் கார்டின் பொதுவான இரைச்சல் அதில் கரைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மதியம் மட்டுமே வருடம் முழுவதும் இருப்பதில்லை. மார்கழி, தை இரவுகளில் மின்விசிறியே போட மாட்டார்கள். கல்யாண சீசனில் பல மணி நேர ரெண்டரை இரவு போட்டுவிட்டுப் படுப்பது எடிட்டர்களின் வழக்கம். சிஸ்டம் இருக்கும் அறையிலேயே வீட்டார் தூங்குவதும் உண்டு. படுக்கையறைக்கு 30 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 என்று சொல்வது தெருவின் பொதுச் சூழலுக்கானது, அதை அறைக்குள் அளவுகோலாக எடுக்க முடியாது. ஒலிப்பதிவு செய்பவர்களுக்கும் ஆன்லைனில் பாடம் நடத்துபவர்களுக்கும் மைக் எதையும் மன்னிப்பதில்லை.

அதைவிட முக்கியமானது, சத்தத்தின் அளவு ஒன்று, தன்மை இன்னொன்று. மின்விசிறியின் பரந்த ஹூங்காரம் தன்னைப் போன்ற பரந்த சத்தத்தைத்தான் மூடும், கூர்மையான ஒற்றைச் சுரத்தை மூடாது. 11 இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1800 முறை சுற்றினால் நொடிக்கு 330 அதிர்வு கொண்ட ஒரு சுரம் எழும். பக்கத்து விசிறி 1830 முறை சுற்றினால் அதன் சுரம் 335.5. இரண்டும் சேரும்போது நொடிக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பு கேட்கும். அந்தத் துடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவியில் எண் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். காயில் ஒயின் எனப்படும் கீச்சொலி இன்னும் மோசம். கார்டின் மின்சுற்றில் உள்ள சுருள்கள் அதிர்வதால் வரும் இந்த ஒலிக்கும் விசிறிக்கும் தொடர்பே இல்லை. திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்பதற்கேற்ப அதன் சுரம் மாறும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 5000 வரையிலான அதிர்வெண்களில் அது அடிக்கடி விழுகிறது. மொத்த டெசிபெல்லில் அது சேர்ப்பது மிகச் சொற்பம். ஒரே மாடலில் ஒரு கார்டு கீச்சிடும், இன்னொன்று கீச்சிடாது. எந்த அட்டவணையும் இதைச் சொல்ல முடியாது. கடையில் கார்டை ஓட்டிக் கேட்க முடிந்தால் கேட்டுவிட வேண்டும், முடியாவிட்டால் திரும்பக் கொடுக்கும் நிபந்தனையைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏசி போட்டுவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பவர்களும் உண்டு. வசதி உள்ளவர்களுக்கு அது சரியான தீர்வு. 1 டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். 500 வாட் இழுக்கும் ஒரு சிஸ்டம் அதில் ஏழில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக்கொள்ளும். ஓர் அறையில் மூன்று சிஸ்டம் ஓட்டும் ஸ்டுடியோவில் ஆட்களுக்கு மிஞ்சுவது பாதியைச் சற்றுத் தாண்டித்தான். ஏசியின் சத்தம் வேறு இருக்கிறது, வணிக இணைப்பின் மின்கட்டணமும் இருக்கிறது. குளிர்ந்த அறையை ஒரு நிபந்தனையாக வைத்துக் கார்டு தேர்ந்தெடுப்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் பொருந்தாது.

அப்படியென்றால் எதைக் கொண்டு ஒப்பிடுவது? இரைச்சலைச் சமமாக வைத்து வெப்பத்தை ஒப்பிடும் முறையே நமக்கு உதவும். எல்லாக் கார்டுகளின் விசிறிகளையும் ஒரே டெசிபெல்லுக்குத் திருப்பி, ஒரே வேலையைக் கொடுத்து, அறை வெப்பத்துக்கு மேல் சிப் எத்தனை டிகிரி ஏறியது என்று பார்க்கும் முறை அது. கேமர்ஸ் நெக்ஸஸ் போன்ற சிலர் குளிர்விப்பான்களை இப்படித்தான் சோதிக்கிறார்கள். 2023-இல் அவர்கள் தங்களுக்கென ஓர் ஒலிச்சோதனை அறையையும் அமைத்துக்கொண்டார்கள். அறைக்கு மேல் 40 டிகிரி என்ற எண்ணை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். 22 டிகிரி அறையில் 62, தர்மபுரியின் 36 டிகிரி அறையில் 76. சூடு ஏறும்போது சிப்பின் கசிவு மின்னோட்டம் சிறிது கூடுவதால் ஓரிரு டிகிரி பிசகலாம், ஒப்பீடு கெடாது. அத்தகைய சோதனை கிடைக்காத கார்டுகளுக்கு வாட் எண்ணும் ஹீட்சிங்கின் பருமனும் டெசிபெல்லைவிட நம்பகமான வழிகாட்டிகள். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 பெரும்பாலான வேலைகளில் அதைவிட வேகமானது, அதற்கு 115 வாட் போதும். விசிறி அகற்ற வேண்டிய வெப்பமே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மறுகோடியில் 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட். ஆனால் அதற்கென்று செய்த ஹீட்சிங்குகள் அவ்வளவு பெரியவை என்பதால் பல மாடல்கள் எதிர்பார்த்ததைவிட அமைதியாக ஓடின, அந்த வெப்பம் முழுவதும் அறைக்குள் கொட்டப்பட்டது என்பது வேறு. விசிறியின் விட்டமும் கவனிக்க வேண்டியது. ஒரே வடிவமைப்பில் 80 மில்லிமீட்டர் விசிறிக்குப் பதில் 100 மில்லிமீட்டர் விசிறி அதே அளவு காற்றைத் தந்தால் ஏறத்தாழ 8 டெசிபெல் குறையும் என்று விசிறி விதிகள் சொல்கின்றன. சிறிய கேபினெட்டுக்காக ஒற்றை விசிறிக் கார்டைத் தேடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களுக்கு மின்வரம்பைக் குறைப்பதே முதல் வழி. மென்பொருளில் அதை 80 சதவீதத்துக்கு இறக்கினால் பெரும்பாலான கார்டுகளில் வேகம் சில சதவீதமே குறையும், வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். விளையாடுபவர்கள் திரையின் படங்களுக்கு உச்சவரம்பு வைத்தால் கீச்சொலியும் அடங்கும். தூசு இன்னொரு விஷயம். செம்மண் புழுதி ஹீட்சிங்கின் இடுக்குகளில் படிந்து காற்றை அடைக்கும்போது சத்தம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுவதால் யாரும் கவனிப்பதில்லை. ப்ளோயரால் ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் விசிறி தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும், பிறகு வரும் கரகர சத்தத்துக்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை.

தமிழில் கிராஃபிக்ஸ் கார்டுகளை விமர்சித்துக் காணொளி போடுபவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சோதனையை ஏசி அறையில் ஒருமுறையும், ஏப்ரல் அல்லது மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஒருமுறையும் செய்யுங்கள். டெசிபெல் எண்ணைக் காட்டும்போது அறை வெப்பம், அளந்த தூரம், சிப்பின் வெப்பம், விசிறியின் சுழற்சி எண்ணிக்கை ஆகிய நான்கையும் அதே திரையில் போடுங்கள். கைபேசிச் செயலியால் அளந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அளவுதிருத்தம் செய்யாத மைக்கின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. வாங்குபவர்களும் இந்த நான்கு விவரமும் இல்லாத இரைச்சல் எண்ணை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.